களியல் அடித்த கை சல்சாவுக்கு வருமா?

கேட்டவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். வயது 38, கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை. பத்தாம் வகுப்பு வரை ஊர்க்கோயிலில் கிறிஸ்துமஸுக்குக் களியல் ஆடியிருக்கிறார்; விளக்கைச் சுற்றி வட்டமாக நின்று, பாட்டுக்குக் கம்போடு கம்பு தட்டி ஆடும் நம் குமரி மாவட்ட ஆட்டம் அது. இப்போது அலுவலக நண்பர்கள் சனிக்கிழமை சாயங்காலம் சல்சா என்ற ஜோடி ஆட்டத்துக்கான ஆரம்ப வகுப்பில் சேர்கிறார்கள், இவரையும் கூப்பிடுகிறார்கள். அவர் எழுதியது: "ஜோடியாக நின்று ஆடுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் கையைப் பிடித்து ஆடியதில்லை. மனைவி 'முதல்ல நீங்க போயிட்டு வாங்க, பொறவு பாப்போம்' என்கிறாள். தனியாகப் போகலாமா? களியல் தெரிந்தது உதவுமா? முதல் நாளே மானம் போகாமல் இருக்க வழி உண்டா?"

தம்பி, உங்கள் காதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கையைப் பற்றித்தான் கவலை.

நான் நாகர்கோவில்காரி. பெங்களூரில் பதினொரு வருடம் வேலை பார்த்தபோது சல்சா படித்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு, பார்வதிபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில், ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கூட்டம் ஒன்றும் பெரிதல்ல. மழை வந்தால் கீழே ஹாலில் சோபாவை நகர்த்தினால் போதும். அப்படி வந்தவர்களில் மூன்று பேர் களியல் ஆடியவர்கள். மூன்று பேருமே மற்றவர்களைவிட வேகமாக ஆரம்பித்தார்கள், மூன்று பேருமே ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். நீங்களும் அங்கேதான் நிற்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் காது. சல்சாப் பாட்டு நாலு அடித் தாளம். ஆடுகிறவர்கள் இரண்டு தடவையைச் சேர்த்து எட்டாக எண்ணுவார்கள். 1, 2, 3-இல் கால் விழும், 4-இல் விழாது. 5, 6, 7-இல் விழும், 8-இல் விழாது. வாத்தியார் "ஒன் டூ த்ரீ... ஃபைவ் சிக்ஸ் செவன்" என்று கத்துவார். நீங்கள் மனதுக்குள் "தகதிமி தகஜுனு" சொல்லிக்கொள்ளுங்கள். "மி"யிலும் "னு"விலும் கால் தரையில் புதிதாக விழாது. ஆனால் உடம்பு அங்கே பிரேக் போட்டு நிற்கக் கூடாது. 3-இல் வைத்த காலுக்கு முழு எடையும் போய்ச் சேருவதற்கான நேரம்தான் அந்த 4. புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த இடத்தில் வடசேரி பஸ் ஸ்டாண்டு டவுன் பஸ் மாதிரி குலுங்கி நிற்பார்கள். தாளக்கட்டையோ தாளமோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குலுக்கல் இரண்டு வாரத்தில் போய்விடும்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். சல்சாவுக்கு அடியில் ஓடுகிற இசையில் கிளாவே என்று ஒரு வாத்தியம் உண்டு. ஒரு சாண் நீளத்தில் இரண்டு மரக்கட்டைகள், ஒன்றோடொன்று தட்டுவது; அவ்வளவுதான். நம் களியல் கம்புக்குத் தம்பி என்று சொல்லலாம். எட்டு அடிக்குள் ஐந்து தட்டு: ஒரு பாதியில் மூன்று, மறு பாதியில் இரண்டு. கியூபாவின் சோன் இசையிலிருந்து வந்த இந்த ஐந்து தட்டைச் சுற்றித்தான் மற்ற எல்லா வாத்தியமும் வாசிக்கப்படுகிறது; கட்டைச் சத்தம் தனியாகக் கேட்காத பாட்டிலும் அப்படித்தான். ஆரம்பத்தில் இதைத் தேடிப் பிடிக்க வேண்டாம். கொங்கா மேளத்தைக் கேளுங்கள். 4-இலும் 8-இலும் "கும் கும்" என்று திறந்த அடி இரண்டு சேர்ந்து விழும். அது முடிந்தவுடன் உங்கள் கால். பாட்டு வேகமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 180 அடி வரை போவது சாதாரணம்தான், ஆனால் எந்த ஆரம்ப வகுப்பிலும் அந்த வேகத்தில் தொடங்க மாட்டார்கள். களியலிலும் ஆசான் எடுத்த எடுப்பிலேயே ஓட விடுவாரா? விளக்கைச் சுற்றி மெதுவாக ஆரம்பித்துத்தானே கடைசியில் மூச்சு வாங்க வைப்பார்.

இனி கை.

களியலில் உங்கள் கம்பு பக்கத்து ஆளின் கம்பைச் சரியாகச் சந்திக்கிறது. எப்படிச் சந்திக்கிறது? இரண்டு பேருக்கும் அடவு தெரியும். ஆசான் பாட்டை மாற்றினால் அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எப்போது குனிய வேண்டும் என்று வட்டத்தில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். பக்கத்து ஆளைப் பார்க்காமலே அடிக்கலாம். அவர் கம்பு அங்கே இருக்கும் என்ற நம்பிக்கைதான் அந்த ஆட்டத்தின் அழகு.

சல்சாவில் அந்த வசதி கிடையாது. அடுத்து என்ன வருகிறது என்று லீட் செய்கிறவருக்கு, அதாவது ஜோடியில் ஆட்டத்தை நடத்துகிறவருக்கு, மட்டும்தான் தெரியும், அதுவும் ஒரு நொடிக்கு முன்னால்தான் முடிவாகியிருக்கும். ஃபாலோ செய்கிறவருக்கு, அதாவது கூடவே போகிறவருக்கு, ஒன்றும் தெரியாது. தெரியாததுதான் அவர் வேலை. லீட் செய்கிறவரின் கையிலிருந்தும் தோளிலிருந்தும் வருகிற சின்ன அழுத்தத்தைப் படித்து, அதே நொடியில் நகர வேண்டும். சொல்லி வைத்து ஆடுவது இல்லை, கேட்டு ஆடுவது.

எங்கள் மாடிக்கு வந்த கருங்கல் பக்கத்து ஆள் ஒருவர் நல்ல களியல்காரர். கால் அபாரம். மூன்றாவது வகுப்பில் வலப்பக்கச் சுற்று சொல்லிக்கொடுத்தேன். அவர் கையை உயர்த்தவில்லை, வீசினார். 3 வந்ததும் கை தன்னால் போய் நடுவில் நின்றது, எதிர்க்கை அங்கே வந்து சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கையோடு. எதிரில் இருந்த பெண்ணுக்குத் தோள்பட்டை சுளுக்கிக்கொண்டது. பாவம், இரண்டு பேருக்குமே சங்கடம். அவர் மேல் தப்பில்லை. இருபது வருடம் அந்தத் தாளத்தில் அந்த இடத்தில் அடித்த கை அது.

அதனால் உங்களுக்கு நான் தரும் முதல் வேலை வகுப்புக்கு வெளியே. ஒரு தோர்த்து, அதாவது குளிக்கிற துண்டு, எடுங்கள். ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள், மறுமுனையை இன்னொருவர் பிடிக்கட்டும். தோர்த்து தொய்யவும் கூடாது, விறைக்கவும் கூடாது. அப்படியே நீங்கள் நடங்கள்: முன்னால், பின்னால், பக்கவாட்டில், திடீரென்று நின்று. எதிராளி கண்ணை மூடிக்கொண்டு கூடவே வர வேண்டும். தொய்ந்தால் உங்கள் சேதி அவருக்குப் போகாது. வெடுக்கென்று இழுத்தால் அவர் தடுமாறுவார். பத்து நிமிடம் செய்தால், லீட் என்றால் என்ன என்று நான் பத்துப் பக்கம் எழுதினாலும் புரியாதது கைக்குப் புரிந்துவிடும். பிறகு இடம் மாறுங்கள். நீங்கள் கண்ணை மூடுங்கள். ஃபாலோ செய்வதன் கஷ்டம் தெரியாத லீட், சும்மா ஆளை இழுத்துக்கொண்டு திரிவார்.

கை பிடிக்கும்போது கட்டைவிரலால் இறுக்க வேண்டாம். விரல்கள் கொக்கி மாதிரி வளைந்து நிற்கட்டும், அவர் விரல்கள் அதன்மேல் இருக்கட்டும். சுற்றும்போது அந்தக் கொக்கிக்குள் கை உருள வேண்டும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு முறுகும். உங்கள் வலது கை அவர் முதுகில், தோள்பட்டை எலும்பின்மேல். அதற்குக் கீழே போகாது.

தெரிந்த ஆட்டமே புது ஆட்டத்துக்குக் குறுக்கே நிற்பது எனக்கும் நடந்ததுதான். சல்சாவில் ஐந்து வருடம் ஆன பிறகு, திமிரோடு அர்ஜென்டைன் டாங்கோ வகுப்புக்குப் போனேன். சல்சாவில் நான் ஃபாலோ. அது மாதிரிதானே இருக்கும் என்று நினைத்தேன். டாங்கோவில் எட்டு எண்ணி நிறுத்துகிற அடிப்படை அடி என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. லீட் செய்கிறவர் ஒரு அடி வைத்துவிட்டு அப்படியே நாலு துடிப்புக்கு நிற்கலாம். சேதி பெரும்பாலும் நெஞ்சிலிருந்து வருகிறது, கையிலிருந்து அல்ல. நானோ ஒவ்வொரு தடவையும் முந்திப் போனேன். அவர் நிற்க நினைத்த இடத்தில் என் கால் ஏற்கெனவே போயிருந்தது. சல்சாவில் அடி எப்போது வரும் என்று எனக்குத் தெரியும் அல்லவா, அந்தத் தெரிதல்தான் எமன். முதல் நாள் வந்த ஒரு கல்லூரிப் பெண், ஒன்றும் தெரியாததால் அமைதியாகக் காத்திருந்து, என்னைவிட நன்றாக ஆடினாள். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் வாத்தியார் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு முழுப் பாட்டுக்கும் நடக்க மட்டும் வைத்தார். அடவு ஒன்றும் இல்லை, வெறும் நடை. அன்றைக்குத்தான் காத்திருப்பது என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரிந்தது. ஊருக்கு வந்த பிறகு டாங்கோவைத் தொடரவில்லை, கூட ஆட ஆள் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு என் சல்சா மாறிவிட்டது என்று கூட ஆடினவர்கள் சொன்னார்கள்.

சரி, வகுப்பில் என்ன நடக்கும்? முதலில் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்து வரிசையாக நிற்பீர்கள். அடிப்படை அடி: லீட் செய்கிறவர் 1-இல் இடது காலை முன்னால் வைப்பார், 2-இல் எடை வலது காலுக்குத் திரும்பும், 3-இல் இடது கால் வீட்டுக்கு வரும். 5-இல் வலது கால் பின்னால், அதே மாதிரி. ஃபாலோ செய்கிறவருக்கு இது கண்ணாடி பார்த்த மாதிரி: 1-இல் வலது கால் பின்னால் போகும். அடி சின்னதாக இருக்கட்டும். களியலில் களரி நடை மாதிரி அகலமாக வைத்து, தாவித் திரும்பிப் பழகியிருப்பீர்கள். இங்கே ஒரு பாதத்தின் நீளத்துக்கு மேல் போக வேண்டாம். பெரிய அடி வைத்தால் அடுத்த தாளத்துக்குத் திரும்பி வர முடியாது, எதிராளியின் பெருவிரலும் தப்பாது. இடுப்பை ஆட்டச் சொல்லி யாராவது கேலி செய்வார்கள், கண்டுகொள்ளாதீர்கள். முழங்காலை மடித்து நிமிர்த்தி எடையை முழுசாக மாற்றினால் இடுப்பு தானே நகரும். வேண்டுமென்று ஆட்டுகிற இடுப்பு பார்க்கவே சகிக்காது.

அரைமணி கழித்து வட்டமாக நிற்கச் சொல்லி ஜோடி போடுவார்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை "மாறுங்கள்" என்பார்கள். தனியாகப் போகலாமா என்று கேட்டீர்களே, இதனால்தான் தாராளமாகப் போகலாம். ஜோடியோடு வருகிறவர்களையும் மாறச் சொல்வது நல்ல வாத்தியாருக்கு அடையாளம். ஒரே ஆளோடு ஆடினால் இரண்டு பேரும் ஒருவர் தப்புக்கு இன்னொருவர் ஒத்துப்போய்ப் பழகிவிடுவீர்கள். வேறு ஆள் வந்ததும் ஒன்றும் ஓடாது. வட்டத்தில் ஆள் மாறுவது உங்களுக்கு ஊரிலேயே பழக்கம்தான், அதில் கூச்சம் வராது.

கூச்சம் வேறு இடத்தில் வரும். தெரியாத பெண்ணின் கையைப் பிடித்து, முகத்துக்கு முகம் நிற்பது. நம் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது லேசில்லை, லேசு என்று சொல்கிறவரை நான் நம்புவதும் இல்லை. என் அம்மா முதலில் கேட்டது, "எதுக்கு பிள்ளே இந்த ஆட்டம்? ஆளுவ என்ன சொல்லுவாவ?" ஆளுவ சொல்லத்தான் செய்தார்கள். நான் அம்மாவையே ஒரு நாள் மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "இவிய எல்லாரும் காலையில்லா பாத்துட்டு நிக்காவ" என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டாள். உண்மை அதுதான். ஆரம்ப வகுப்பில் யாருக்கும் எதிரில் நிற்பது யார் என்று பார்க்க நேரம் இருக்காது. ஆனாலும் ஒன்றில் உறுதியாக இருங்கள். யாராவது உங்களோடு ஆட வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. டாங்கோக்காரர்கள் இதற்கு அழகான ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்: தூரத்திலிருந்து கண்ணால் கேட்பது, தலையசைத்தால் எழுந்து போவது. பார்வையைத் திருப்பிக்கொண்டால் கேட்கவே இல்லை என்று அர்த்தம். யாருக்கும் முகம் சிவக்காது.

சல்சாவா, பச்சாட்டாவா என்று அங்கே ஒரு பட்டிமன்றம் நடக்கும். பச்சாட்டா டொமினிக்கன் குடியரசில் பிறந்தது; 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மூன்று அடி வைத்து நாலாவதில் ஒரு தட்டு, அவ்வளவுதான் கால் வேலை. சல்சாவைவிட மெதுவாகத் தோன்றும். காலுக்குச் சுலபம் என்று எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் இப்போது பல இடங்களில் சொல்லித்தருகிற பச்சாட்டாவில் நெருக்கமாக நிற்க வேண்டியிருக்கும். கூச்சம் போகாத ஆளுக்கு அது முதல் மாதத்தில் வேண்டாம் என்பது என் கட்சி. சல்சா என்றால் ஸ்பானிய மொழியில் குழம்பு வகை என்று அர்த்தம். கியூபா, போர்ட்டோ ரீக்கோ தாளங்கள் நியூயார்க்கில் ஒன்றாகக் கொதித்து, 1970-களில் அந்தப் பெயரில் பரவின. முன்னால் பின்னால் போய்த் திரும்புகிற அடியை 1-இல் வைப்பது, 2-இல் வைப்பது என்று சல்சாவில் இரண்டு பாணி உண்டு. உங்கள் வகுப்பில் எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆறு மாதத்துக்கு இன்னொன்றின் வீடியோவைத் திறக்காதீர்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் நீங்கள் தேட வேண்டியது ருவேதா, வட்டமாக நின்று ஆடும் சல்சா வகை. 1950-களில் ஹவானாவில் தொடங்கியது. ஜோடிகள் வட்டமாக நிற்பார்கள், ஒருவர் அடவின் பெயரைக் கூப்பிடுவார், எல்லா ஜோடியும் ஒரே நேரத்தில் அதைச் செய்யும். "தாமே" என்றால் அடுத்த ஆளிடம் மாற வேண்டும். இதை முதன்முதலில் பெங்களூரில் பார்த்தபோது எனக்கு எங்கள் சித்தப்பாதான் ஞாபகம் வந்தார். அவர் களியல் ஆசானுக்குத் துணைக்குப் பாடுகிறவர். நடுவில் குத்துவிளக்கு மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் அதே வட்டம். கூப்பிடுகிறவர் சொல்லிவிடுவதால் அடவு எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் கை மட்டும் சல்சா மாதிரி கேட்டுத்தான் போக வேண்டும். உங்களுக்கு அது நல்ல இடைவழி. கழக்கூட்டத்து வகுப்பில் சொல்லித்தருவார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

சில்லறை விஷயங்கள். ஓடுவதற்கான ரப்பர் அடி ஷூ வேண்டாம். அது தரையைக் கவ்விப் பிடிக்கும். உடம்பு சுற்றும், பாதம் சுற்றாது, திருகல் முழுக்க முழங்காலுக்குப் போகும். அடி வழவழப்பான தோல் ஷூ இருந்தால் அது போதும். வீட்டில் பழகும்போது பழைய சாக்ஸை ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம், பார்க்கச் சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும். ஆனால் பளபள டைல்ஸ் தரையில் சாக்ஸ் வேண்டவே வேண்டாம். பழைய சிவப்பு சிமெண்ட் தரை இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். மாற்றுச் சட்டை இரண்டு எடுத்துப்போங்கள், நம் காற்றில் ஈரம் அதிகம், பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டும். மோதிரம், வாட்சைக் கழற்றி வையுங்கள். அப்புறம், சனிக்கிழமை மத்தியானம் பொரித்த சாளை மீன் சாப்பிட்டால் எலுமிச்சம்பழம் போட்டுக் கை கழுவிவிட்டுக் கிளம்புங்கள். சிரிக்காதீர்கள், இதை நான் ஒருவருக்கு நேரில் சொல்ல வேண்டியிருந்தது.

எத்தனை நாள் ஆகும்? லீட் செய்கிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் கொடுமை. தாளம், கால், அடுத்து என்ன, பக்கத்தில் யார் இடிக்க வருகிறார்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டும். ஃபாலோ செய்கிறவர்கள் இரண்டாவது மாதமே ஆடுகிற மாதிரி இருப்பார்கள், அவர்கள் கஷ்டம் பின்னால் வரும். நடுவில் ஏழாவது எட்டாவது வாரத்தில் "எனக்கு இது வராது" என்று தோன்றும். அந்த வாரத்தில்தான் அதிகம் பேர் நின்றுபோகிறார்கள். அதைத் தாண்டுகிற வரைக்கும் புது அடவு சேர்க்க வேண்டாம். அடிப்படை அடி, பக்க அடி, வலப்பக்கச் சுற்று, ஆளை இடம் மாற்றுகிற கிராஸ் பாடி லீட், இந்த நாலு போதும். நாலையும் தாளத்தில் செய்கிறவரோடு ஆட எல்லாருக்கும் பிடிக்கும். நாற்பது தெரிந்து தாளம் தப்புகிறவரைப் பார்த்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். தினம் இரண்டு பாட்டுக்குக் கால் மட்டும் பழகுங்கள், குழித்துறை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதுகூட ஷூவுக்குள் விரலால் எண்ணலாம்.

மனைவி விஷயம். "பொறவு பாப்போம்" என்றது மறுப்பு மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஆனால் முதல் வகுப்பு முடிந்து வந்ததும் அவரை நிற்க வைத்து "ஒன் டூ த்ரீ, இல்ல இல்ல, வலது கால்" என்று பாடம் எடுத்தீர்களானால் அந்தப் பொறவு வரவே வராது. எங்கள் மாடியில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்ததெல்லாம் இதனால்தான். ஒரு தம்பதி பைக்கில் ஒன்றாக வந்து, திரும்பும்போது ஆட்டோவில் ஒருவர் போனார். திருத்துவது வாத்தியார் வேலை. நீங்கள் வந்து சோறு சாப்பிடுங்கள். பிறகு அந்தத் தோர்த்தை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, கண்ணை நீங்கள் மூடிக்கொள்ளுங்கள்.